டீசல் பலகையும் 4417 வண்டியும்

மார்ச் 2, திங்கள்

காலை ஆறேகாலுக்கெல்லாம் டிரைவர்களிடமிருந்து முதல் டீசல் விலைத் தகவல் வந்துவிட்டது. ஏழு மணிக்குள் பதினேழு. குறைந்த விலை மேலே, கூடின விலை கீழே என்று வரிசைப்படுத்தி ஏழரைக்கு டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அதையே ஆபீஸ் வாசல் பலகையிலும் எழுதினேன். சாக்பீஸ் பெட்டி தீரப்போகிறது, முதலாளியிடம் சொல்ல வேண்டும்.

இந்த டயரி புது வருசத்துக்கு எங்கள் லாரி லோடு ஸ்டாண்ட் சங்கம் கொடுத்தது. இரண்டு மாதமாகப் பீரோ மேல் சும்மா கிடந்தது. இன்றைக்கு எடுத்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சங்கச் செயலாளர் சென்னியப்பன் அண்ணன் நேரில் வந்து, "ஏனுங்கம்மிணி, ஏப்ரல் அஞ்சாந் தேதி ஆண்டு விழாவுல உங்களுக்குச் சால்வை போத்தறமுங்க. நோட்டீசுல பேர் போட்டாச்சு" என்றார்.

நோட்டீசைக் காட்டினார். 'டீசல் நிலவரம் வழங்கும் திருமதி வசந்தாமணி நாச்சிமுத்து.' பத்தாவது படித்தவள், நாமக்கல்லில் பத்தொன்பது வருசமாகக் கைலாசம் டிரான்ஸ்போர்ட்டில் லோடு எழுதுகிறவள். எனக்கு மேடையில் சால்வை!

கிடைக்கட்டுமே, தகுதி இல்லாமலா கிடைக்கிறது. ஐந்து வருசத்துக்கு முன் நான் இந்தக் குழுவைத் தொடங்கும்போது ஒன்பது டிரைவர்கள். இன்றைக்கு இருநூற்றுப் பதினான்கு பேர். இந்த ஊர் வண்டி எந்த மாநிலத்தில் ஓடினாலும் எந்த பங்க்கில் என்ன விலை என்று என்னைக் கேட்டுத்தான் டேங்க் மூடியைத் திறக்கிறது. காரணம், என் மூன்று விதிகள்.

ஒன்று, தன் வண்டிக்கு ஊற்றியவன்தான் விலை சொல்ல வேண்டும், காதில் விழுந்தது செல்லாது. இரண்டு, பில்லையும் கிலோமீட்டர் மீட்டரையும் படம் எடுத்துப் போட வேண்டும். மூன்று, வெட்டிப் பேச்சு கூடாது. பேசினால் நீக்கம். நீக்கப்பட்டவன் என் மேசை முன் நேரில் வந்து நின்று கேட்டால்தான் திரும்பச் சேர்ப்பேன். போனில் கேட்டால் எடுபடாது.

பட்டியலில் இன்றும் முதலிடம் பச்சைக் கொட்டாய்தான். கர்நாடகத்தில் சிரா போகும் வழியில் ஒரு பங்க். பச்சைத் தகரக் கூரை, அதனால் டிரைவர்கள் வைத்த பேர் அது. அந்த ரோட்டில் எல்லோரையும்விட லிட்டருக்கு ஒன்றேகால் ரூபாய் தள்ளுபடி. எட்டு மாதமாக அதை யாரும் அசைக்க முடியவில்லை.

4417 இன்று அங்கேதான் ஊற்றியிருக்கிறது. "4417. பச்சைக் கொட்டாய். 185 லிட்டர்." அவ்வளவுதான் செய்தி. 4417 என் புருசன் ஓட்டுகிற வண்டி.

மார்ச் 4, புதன்

ஒருத்திக்கு இரண்டு ஆழாக்கு அரிசி போட்டுவிட்டேன். பழக்கதோசம். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தாயிற்று.

மார்ச் 6, வெள்ளி

சலாம் பாயை நேற்று நீக்கினேன். ரோஜாப்பூ படம் போட்டு 'இனிய காலை வணக்கம்' என்று எழுதியிருந்தார். இருபது வருசமாகத் தெரிந்த மனுசன்தான். விதி என்றால் எல்லோருக்கும் விதி.

இன்று லோடு இறக்கிவிட்டு நேராக மேசை முன் வந்து நின்றார்.

"அக்கா, தப்புத்தானுங்க. எம் பேத்தி அனுப்புன படம். கை தவறி உங்க குரூப்புல போயிருச்சு."

"கை தவறினா பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டரையும் மிதிப்பீங்களா பாய்?"

"அல்லா! ஒரு ரோஜாப்பூவுக்கு இவ்வளவு பேச்சா?"

சேர்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சும்மா போகாமல், "நாச்சிமுத்து அண்ணன் மட்டும் உங்க விதிய ஒரு நாளும் மீறலீங்க அக்கா. மூணு மாசமா வண்டி நம்பரு, பங்க்கு, லிட்டரு. அதுக்கு மேல ஒரு சொல்லு கெடையாது. குரூப்புலயே அவருதான் நல்ல மெம்பரு" என்றார்.

சிரிக்கவில்லை, முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னார். டிரைவர் என்றால் சும்மாவா. அடுத்த தடவை டீ கிடையாது.

மார்ச் 8, ஞாயிறு

துணி துவைத்தேன். தோசைக்கு ஆட்டினேன். முழங்கால் வலி. எழுத நேரம் இருக்கிறது, அதனால் இதை எழுதிவிடுகிறேன். நான் ஒன்றும் தப்பு செய்யவில்லை என்பது பின்னால் படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள். முதலாளி புதுவண்டி ஒன்று எடுத்திருந்தார். அதை யாரிடம் கொடுப்பது என்று ஆபீஸ் வாசலில் பேச்சு. டிரைவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று பேர் நின்றார்கள். "மைலேஜ் காட்டறவனுக்குத்தாம்ப்பா புதுவண்டி" என்றார் முதலாளி. எல்லோரும் நாச்சிமுத்து என்றார்கள். அவரும் மீசையைத் தடவிக்கொண்டு, "எங் கையில எந்த வண்டியும் லிட்டருக்கு நாலு கிலோமீட்டரு குடுக்குமுங்க" என்றார்.

என்னிடம் நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு வண்டியும் ஓடின கிலோமீட்டர், ஊற்றின லிட்டர், எல்லாம் அவரவர் அனுப்பிய படத்திலிருந்து நான் எழுதியது. ஒன்றை ஒன்றால் வகுத்தால் மைலேஜ். நான் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "நாலு இல்லீங்க. மூணு புள்ளி எட்டு. ஆறு நடையாவே மூணு புள்ளி எட்டுதான்."

சத்தமாகத்தான் சொன்னேன். கணக்கைச் சத்தமாகச் சொல்லாமல் காதிலா சொல்வார்கள்?

யாரோ சிரித்தார்கள். அவர் என்னைப் பார்த்து, "டேங்க்கில டீசலே ஏறல புள்ள. இருநூறு லிட்டரு போட்டா குச்சியில ஒரு விரலு கம்மியா நிக்குது" என்றார். அவரிடம் ஒரு மூங்கில் குச்சி இருக்கிறது. ஐம்பது லிட்டருக்கு ஒரு வெட்டு வெட்டி, டேங்க்குக்குள் விட்டுப் பார்ப்பார். இருபது வருசத்துக் குச்சி. நான், "மைலேஜ் காட்டாத டிரைவரு எல்லாருஞ் சொல்ற சாக்குத்தானுங்க அது" என்றேன்.

அவ்வளவுதான். புதுவண்டி ராசிபுரத்துக்காரனுக்குப் போனது. இவர் வீட்டுக்கு வந்து இரண்டு லுங்கி, சோப்பு டப்பா, குச்சி மூன்றையும் எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து ஊருக்கு வந்தால் வண்டியிலேயே படுக்கை. அவர் அக்கா வீட்டில் சாப்பாடு. என்னோடு பேச்சு இல்லை.

ஒரு டிரைவரைப் பார்த்து மைலேஜ் வராது என்று சொல்வது எப்பேர்ப்பட்ட பேச்சு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நோட்டு பொய் சொல்லாதே, நான் என்ன செய்வேன்.

மார்ச் 12, வியாழன்

4417 லோடு ஸ்டாண்டில் நிற்கிறது. கோலாப்பூருக்கு ஜவ்வரிசி ஏற்றுகிறார்கள். காய்கறி வாங்கப் போகிற வழி அதுதான், அதனால் பார்த்தேன். லுங்கியில் முழங்கால் பக்கம் கிழிந்திருக்கிறது. அக்கா வீட்டில் ஊசிநூல் கூடவா இல்லை? எனக்கென்ன.

மார்ச் 20, வெள்ளி

நேற்று யுகாதி. பச்சைக் கொட்டாய்க்கு டேங்கர் வரவில்லையாம், கயிறு கட்டிவிட்டார்கள். வண்டிகள் எல்லாம் அடுத்த பங்க்குக்குப் போயிருக்கின்றன. 4417 செய்தி: "பச்சைக் கொட்டாய் ஸ்டாக் இல்லை. எட்டு கிலோமீட்டர் தள்ளி வேப்பமரத்து பங்க். டேங்க் ஃபுல். ஒன்னேகால் ரூவா ஜாஸ்தி."

வழக்கத்துக்கு மேல் எத்தனை சொல் என்று எண்ணிப் பார்த்தேன். பில் படத்தின் ஓரத்தில் அவர் கட்டைவிரல் தெரிகிறது. நகத்தில் கிரீஸ்.

முதலிடத்துக்கு ஹிரியூர் பக்கத்து பங்க் ஒன்று வந்தது. ஒரு நாளைக்கு மட்டும்தான், நாளைக்கு டேங்கர் வந்துவிடுமாம்.

மார்ச் 24, செவ்வாய்

பச்சைக் கொட்டாய் மூன்று நாளாகத் திறந்திருக்கிறது. பலகையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். அப்படியும் 4417 திரும்பி வரும்போது வேப்பமரத்து பங்க்கிலேயே டேங்க்கை நிரப்பியிருக்கிறது. லிட்டருக்கு ஒன்றேகால் ரூபாய் கூடக் கொடுத்து! வீம்பு. நான் முதலில் போட்ட பங்க்குக்குப் போகக் கூடாது என்று ஒரு வீம்பு.

மாலை நோட்டில் எழுதினேன். 1,004 கிலோமீட்டர். 251 லிட்டர்.

வகுத்தேன். நாலு.

தப்பாக வகுத்திருப்பேன். மறுபடியும் போட்டேன். போன் கால்குலேட்டரிலும் போட்டேன். லோடு குறைவாக இருந்திருக்கும். எதிர்க்காற்று இல்லாமல் இருந்திருக்கும். எல்லோருக்கும் ஒரு நடை அதிர்ஷ்டமாக அமைவதுதான்.

சிலிண்டர் வந்தது. மூடி சரியில்லை, மாற்றச் சொன்னேன்.

மார்ச் 25, புதன்

லோடு குறைவு இல்லை. எடைச் சீட்டு பார்த்தேன். எப்போதும் போடுகிற அதே டன்தான்.

மார்ச் 28, சனி

மூன்று நாளாக ஆபீஸ் வேலைக்கு நடுவில் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். அந்த நாலு என்ற கணக்கு விடவில்லை. மனது அரித்தது.

பச்சைக் கொட்டாயில் ஊற்றிக்கொண்டு போகும் வண்டிகள் பதினொன்று. பதினொன்றுக்கும் இந்த எட்டு மாதத்தில் மைலேஜ் இறங்கியிருக்கிறது. ஒரே அளவில் இறங்கியிருக்கிறது, நூற்றுக்கு ஐந்து. அதற்கு முன் வேறு பங்க்கில் ஊற்றியபோது இதே வண்டிகள் நன்றாக ஓடியிருக்கின்றன. யுகாதி அன்று கயிறு கட்டியதால் வேறு இடத்துக்குப் போன நான்கு வண்டிக்கும் அந்த ஒரு நடை மட்டும் மைலேஜ் ஏறியிருக்கிறது.

பதினொரு டிரைவருக்கும் ஒரே நேரத்தில் கால் கனத்துவிடுமா?

தள்ளுபடி ஒன்றேகால் ரூபாய். நூறு லிட்டர் என்று பில் போட்டு தொண்ணூற்றைந்து ஊற்றினால், தள்ளுபடியைப் போல மூன்று பங்குக்கு மேல் எடுத்துக்கொள்கிறான். அந்தக் களவாணியை எட்டு மாதமாக என் கையால் பட்டியலின் உச்சியில் எழுதி, எல்லா வண்டியையும் அங்கே அனுப்பி வைத்தவள் நான். விலையைப் பார்த்தேன், அளவைப் பார்க்கவில்லை.

அவர் சொன்னார். டேங்க்கில் டீசலே ஏறவில்லை என்று சொன்னார். குச்சியில் ஒரு விரல் கம்மி என்று சொன்னார். நான் சாக்கு என்றேன்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 30, திங்கள்

காலையில் பலகையில் பச்சைக் கொட்டாய் பேரை எழுதவில்லை. சென்னியப்பன் அண்ணன் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். விசயத்தைச் சொன்னேன். மனுசர் முகம் சுண்டிப்போனது.

"அம்மிணி, விழா மலர்ல பின் அட்டை பூராவும் அந்த பங்க்குக்காரரு வெளம்பரமுங்க. அச்சாகி வந்துருச்சு. ஞாயித்துக்கெழம முடியட்டும், பொறவு பேசிக்கலாமுங்க."

"ஆறு நாளுங்க அண்ணா. ஆறு நாள்ல எத்தன வண்டி அங்க போயி ஏமாறும்?"

"எட்டு மாசம் போச்சு, ஆறு நாள் போனா என்னுங்க? நீங்களே யோசிங்க. வெசயம் வெளிய வந்தா மொதல்ல உங்களத்தான் கேப்பாங்க. அப்பறம் சால்வை சமாச்சாரம் எங் கையில இல்லீங்க."

உண்மையை எழுதுகிறேன். சால்வை எனக்கு வேண்டும். மாம்பழ நிறத்தில் புடவை எடுத்து ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருக்கிறேன். தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டேன். மீதிப் பேருக்கு அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் என்னிடம் இருப்பது நோட்டுக் கணக்கு மட்டும்தான். பில் இல்லாமல் விலை சொல்லக் கூடாது என்று இருநூற்றுப் பதினான்கு பேரை மிரட்டி வைத்திருப்பவள், அளந்து பார்க்காமல் ஒரு பங்க்கைத் திருடன் என்று எப்படிச் சொல்வேன்? எல்லா பங்க்கிலும் முத்திரை குத்தின ஐந்து லிட்டர் கேன் ஒன்று இருக்க வேண்டும். வாடிக்கையாளன் கேட்டால் அதில் ஊற்றி அளந்து காட்ட வேண்டும். குழுவில் போட்டேன்: "பச்சைக் கொட்டாயில் அளவு சந்தேகம். அந்தப் பக்கம் போகிறவர் யாராவது ஐந்து லிட்டர் கேன் போட்டுப் பார்த்துச் சொல்லவும்."

எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஒருவரும் பதில் போடவில்லை. குறை சொல்ல மாட்டேன். மொழி தெரியாத ஊர், தனி ஆள், பின்னால் முப்பது வண்டி ஹாரன் அடிக்கும். கேன் கேட்டால் பங்க் ஆட்கள் நாலு பேர் கூடிவிடுவார்கள்.

4417 இன்று விடிகாலையிலேயே ஜவ்வரிசி லோடுடன் கிளம்பிவிட்டதாம். தர்மபுரி பக்கம் கிளட்ச் வேலையாக நிற்கிறது என்றார்கள்.

மார்ச் 31, செவ்வாய்

எந்தத் தகவலும் இல்லை. ஜாக்கெட் வந்தது. கை இறுக்கம்.

ஏப்ரல் 1, புதன்

காலை 9.40. "4417. பச்சைக் கொட்டாய். 5 லிட்டர் கேன். கால் லிட்டர் கம்மி." கீழே இரண்டு நிமிட வீடியோ.

கேன் கழுத்தில் கோடு, அதற்குக் கீழே டீசல். கேமரா ஆடவே இல்லை. ஒரு கையில் போன், இன்னொரு கையில் மூங்கில் குச்சி. குச்சி நுனியால் கோட்டைக் காட்டுகிறார். குரல் மட்டும் கேட்கிறது: "பாத்துக்குங்க. கால் லிட்டரு." நாலு மாதத்தில் அவர் குரலை இப்போதுதான் கேட்கிறேன். தொண்டை கட்டியிருக்கிறது. ஏசி இல்லாத வண்டி, ராத்திரி கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள் என்றால் கேட்க மாட்டார்.

மதியம் சலாம் பாய் போன் செய்தார். அவர் வண்டி நேராகப் பின்னால் நின்றிருக்கிறது.

"அக்கா, வண்டியக் குறுக்க நிறுத்திப்புட்டாருங்க! கேன எடுங்கடான்னாரு. கேன் ரிப்பேருன்னானுங்க. 'தகரக் கேனு எப்புடிரா ரிப்பேராகும், அதுல என்ன இஞ்சினா இருக்குது?'ன்னாரு. நாலு பேரு சுத்திக்கிட்டானுங்க. இவரு வண்டிப் படிக்கட்டுல ஏறி உக்காந்து குச்சியத் தோள்ல வெச்சுக்கிட்டாரு. அளக்காம வண்டி நகராதுன்னுட்டாரு. பின்னால பாத்தா பஞ்சாப்காரங்க ரெண்டு பேரு, ஆந்திராக்காரங்க, எல்லா டிரைவரும் எறங்கி வந்துட்டாங்க. ஒரு மணி நேரமுங்க அக்கா! கடைசில கேன் வந்துருச்சு."

"பாய், அவருக்கு அடி கிடி ஒண்ணும்…"

"அவர யாரு அடிக்கறது? குச்சி வெச்சிருக்கறாருல்ல."

என் புருசன். அவர் என் புருசன் என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டும் போல் இருந்தது. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும் என்பதால் சொல்லவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

இன்று காலை பட்டியலுக்குப் பதிலாகக் குரல் பதிவு போட்டேன். எழுதிப் போட்டால் மழுப்பிவிடுவேன் என்று பயம். நான் பேசியதை இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. வசந்தாமணி பேசறேன். பச்சைக் கொட்டாய் பங்க்குல அளவு கம்மி. அளந்தாச்சு. எட்டு மாசமா அத மொதல்ல போட்டு உங்களையெல்லாம் அங்க அனுப்புனது நானுங்க. தப்பு என்னுது. உங்க வண்டிக்கு மைலேஜ் வரலீன்னு மொதலாளிகிட்ட யாரு யாரு பேச்சு வாங்குனீங்களோ, எல்லாரும் என்னைய மன்னிச்சுக்குங்க. மொதலாளிங்க கேட்டா எங் கிட்ட அனுப்புங்க, நோட்டோட நான் பேசறேன். இன்னொண்ணு. கார்த்திகைக்கு மறுநாள் எங்க ஆபீஸ் வாசல்ல, 4417 வண்டிக்கு மூணு புள்ளி எட்டுன்னு நான் சத்தமாச் சொன்னேன். அது தப்பு. நாலு. அவரு டேங்க்குல டீசல் ஏறலீன்னு சொன்னாரு. அதச் சாக்குன்னு சொன்னேன். அதுவுந் தப்பு. அன்னிக்குப் பதிமூணு பேருதான் கேட்டாங்க. இன்னிக்கு இருநூத்திப் பதினாலு பேரும் கேட்டுக்குங்க. நாலு."

கடைசியில் குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. திரும்பப் பதிவு செய்யலாம் என்று நினைத்தேன். செய்யவில்லை.

பிறகு பலகையைக் கழுவினேன். ஊர், பங்க், விலை என்று மூன்று கட்டம்தான் இருந்தது. நாலாவதாக ஒரு கட்டம் கிழித்து மேலே 'அளவு' என்று எழுதினேன். பச்சைக் கொட்டாய் பேரை அழிக்காமல் விட்டு அதன் எதிரே 'கால் லிட்டர் குறைவு' என்று எழுதினேன். அளந்து பார்க்காத பங்க்குக்கெல்லாம் அந்தக் கட்டம் காலி. காலியாகத் தெரியட்டும்.

முதலாளி வந்து பலகையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "நாச்சிமுத்துவ நானுந்தான் தப்பா நெனச்சுட்டேன் வசந்தா" என்றார். நீங்கள் அப்படி நினைத்ததற்கு நான்தானே காரணம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

சென்னியப்பன் அண்ணன் ஆள் அனுப்பினார். நிகழ்ச்சி நிரலில் நேரம் பற்றவில்லையாம். என் பேர் இல்லை.

பற்றாமல் போகட்டும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

விழாவுக்குப் போகவில்லை. மாம்பழ நிறப் புடவையை மட்டும் கட்டிக்கொண்டேன். தைத்த ஜாக்கெட் வீணாகக் கூடாது பாருங்கள். கட்டிக்கொண்டு வெங்காயம் உரித்தேன். பத்து மணிக்கு மண்டபத்து மைக் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது.

அதே பத்து மணிக்குப் போன் அதிர்ந்தது. தும்கூரிலிருந்து ஒரு வண்டி. "கேன் போட்டுப் பார்த்தேன். அளவு சரி." பில், மீட்டர், கேன் மூன்றுக்கும் படம். அடுத்தது நெல்லூர். "கேன் போட்டுப் பார்த்தேன். அளவு சரி." பாலக்காடு. விஜயவாடா. சோலாப்பூர். நாக்பூர். "அளவு சரி." "அளவு சரி." "ஐம்பது மில்லி கம்மி, சண்டை போட்டாச்சு." "அளவு சரி." வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு நோட்டை எடுத்தேன். எழுதி மாளவில்லை. எங்கெங்கோ ரோட்டில் நிற்கிற எங்கள் ஊர் வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பங்க்கில் ஏறிக் கேன் கேட்டிருக்கின்றன. அன்றைக்கு ஒரு கேன் கேட்க ஆள் இல்லை. இன்றைக்கு நூற்று முப்பத்தொரு கேன்.

ஒருத்தராவது 'வாழ்த்துகள் அக்கா' என்று போடவில்லை. போட்டால் நீக்குவேன் என்று தெரியும். ஒரு வெட்டிச் சொல் இல்லாமல் நூற்று முப்பத்தொரு தகவல். யார் ஏற்பாடு என்று சலாம் பாயைக் கேட்டால், "எனக்கெதுவும் தெரியாதுங்க அக்கா, டிரைவிங்குல இருக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

அழுதேன். வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அழுதேன். இந்தியாவில் எந்த மேடையில் எவருக்கு இப்படி ஒரு சால்வை போர்த்தியிருக்கிறார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்.

பதினொன்றே முக்காலுக்குக் கடைசியாக ஒன்று வந்தது.

"4417. வேப்பமரத்து பங்க். அளவு சரி. சாப்புட்டியா?"

குழு அப்படியே நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு தகவலும் வரவில்லை. இருநூற்றுப் பதின்மூன்று பேரும் போனைப் பிடித்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது விதி. வெட்டிப் பேச்சு கூடாது.

4417-ஐ நீக்கினேன்.

அரை நிமிசத்தில் சலாம் பாய் போன். டிரைவிங்கில் இருந்தவர்! "அக்கா, என்ன பண்ணிட்டீங்க? நாலு மாசங் கழிச்சு மனுசன் வாயத் தொறந்துருக்கறாரு!"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் பாய். உங்கள நீக்கலீங்களா?"

"நானும் அவரும் ஒண்ணுங்களா?"

"நீக்குனா என்ன பண்ணோணும்? நேர்ல வந்து நிக்கோணும். நீங்க வந்து நின்னீங்களே."

அந்தப் பக்கம் பாய் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

ஏப்ரல் 6, திங்கள்

வழக்கத்தை விடச் சீக்கிரம் ஆபீஸ் திறந்தேன். பட்டியல் போட்டேன். பலகை எழுதினேன். அளவுக் கட்டம் பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. சென்னியப்பன் அண்ணன் அந்தப் பக்கமாகப் போனவர், பலகையைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

நாலு மணிக்கு வாசலில் வண்டி நின்ற சத்தம். எந்த வண்டி என்று தலையைத் தூக்காமலே தெரியும். ஏர் பிரேக் போடுகிற விதத்திலேயே தெரியும். லோடு புத்தகத்தில் எழுதுவது போல் குனிந்துகொண்டேன்.

மேசை முன் வந்து நின்றார். அதே கிழிந்த லுங்கி. கையில் குச்சி.

"ஏம்புள்ள, என்னைய எதுக்கு நீக்குன?"

"வெட்டிப் பேச்சு பேசுனீங்க. விதி தெரியுமில்லீங்க."

"சாப்புட்டியான்னு கேட்டது வெட்டிப் பேச்சா?"

"டீசலப் பத்தி இல்லீங்களே."

பின்னால் நின்ற டிரைவர்கள் நாலைந்து பேரும் கூரையைப் பார்த்தார்கள். முதலாளி கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் புதுப் பக்கம் திருப்பினேன். திரும்பச் சேர்கிற எவரையும் கேட்பது போலக் கேட்டேன்.

"வண்டி நம்பரு?"

"நாலாயிரத்து நானூத்திப் பதினேழு."

"டிரைவரு பேரு?"

"நாச்சிமுத்து."

"மைலேஜ்?"

குச்சியை மேசை மேல் வைத்தார். மீசையைத் தடவினார். அவசரமே படவில்லை.

"நாலு."

"சத்தமாச் சொல்லுங்க. எல்லாருக்குங் கேக்கோணும்."

"நாலு!"

எழுதிக்கொண்டேன். எழுதினதைத் திருப்பி அவரிடம் காட்டினேன். பார்த்தார், தலையை ஆட்டினார். தொண்டை இன்னும் கட்டித்தான் இருக்கிறது. போனை எடுத்து 4417-ஐக் குழுவில் சேர்த்தேன்.

"நேத்துக் கேட்டதுக்குப் பதில் சொல்லலியே" என்றார் மெதுவாக.

"இன்னும் இல்லீங்க. ஊட்டுக்குப் போயித்தான் ஆக்கோணும்" என்றேன்.

லுங்கியைத் தைத்துவிட்டேன். மிளகு ரசம் வைத்தேன். இன்றும் இரண்டு ஆழாக்குத்தான் போட்டேன். மிச்சமில்லை.